வீட்டில் கலோரி குறைந்த பீட்சா செய்வது எப்படி?

கலோரி என்பது உணவு தரும் ஆற்றலின் அளவு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9. அதனால் பீட்சாவில் முதலில் குறைக்க வேண்டியது சீஸும் எண்ணெயும்தான். இட்லிக்கும் நெய் ரோஸ்டுக்கும் மாவு ஒன்றுதானே? நெய்தான் கணக்கை மாற்றுகிறது.

பீட்சாவில் போடும் மொசரெல்லா சீஸில் 100 கிராமுக்குச் சுமார் 300 கலோரி. ஒருவருக்கு 30 கிராம் போதும். மெல்லியதாகத் துருவித் தூவினால் ஒவ்வொரு வாய்க்கும் கிடைக்கும். 60 கிராம் மாவைச் சப்பாத்தி கனத்துக்குத் தேயுங்கள். அப்புறம் குடைமிளகாய், வெங்காயம், காளான் தாராளமாகப் போடலாம். காளானை மட்டும் முதலில் வெறும் சட்டியில் வதக்கி நீர் வற்றவிடுங்கள், இல்லையென்றால் அடி நசநசத்துவிடும்.

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டாலே கலோரி குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நார்ச்சத்து கூடும், நல்லதுதான், ஆனால் கலோரி கிட்டத்தட்ட அதேதான்.