லுகேமியா வைரஸ் பாசிட்டிவ்: மாட்டை விற்றுவிட வேண்டுமா?

வணக்கம் நண்பரே. 12 கறவை மாடுகளில் 3 மாடுகளுக்கு எலிசா பரிசோதனையில் (வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) லுகேமியா வைரஸ், அதாவது மாட்டின் ரத்த வெள்ளணுக்களைத் தாக்கும் வைரஸ், பாசிட்டிவ், உடனே விற்றுவிடவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். தொற்றிய மாடுகளில் 100க்கு 5க்கும் குறைவானவற்றுக்குத்தான் புற்றுநோய்க் கட்டி வரும். பெரும்பாலானவை வெளியே ஒன்றும் தெரியாமலே கறக்கும். ஆனால் வைரஸ் உடம்பைவிட்டுப் போகாது, அதற்கு மருந்தும் கிடையாது. அதனால் இன்னொரு விவசாயியிடம் சொல்லாமல் மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

பரவுவது முக்கியமாக ரத்தம் வழியாகத்தான். கண்ணுக்குத் தெரியாத துளியே போதும். ஒரே ஊசியை மாடு மாற்றிப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். சினை பார்க்கும் நீளக் கையுறையும் மாட்டுக்கு ஒன்று என்று மாற வேண்டும். டாக்டர் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள். கொம்பு நீக்கும் கருவி, காதுத் தோடு குத்தும் இடுக்கி இரண்டையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். அந்த 3 மாடுகளையும் தள்ளிக் கட்டி, எந்த வேலையிலும் கடைசியாகத் தொடுங்கள். கடிக்கும் ஈயையும் குறைக்கப் பாருங்கள்.

எனக்குக் கன்றுகளைப் பற்றித்தான் கவலை. தொற்று இல்லாத மாட்டின் சீம்பாலைக் கொடுங்கள். அப்புறம், தொற்றிய தாயின் சீம்பால் குடித்த கன்றை 6 மாதத்துக்கு முன் சோதித்தால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே பாசிட்டிவ் காட்டிவிடும். அதை நம்பிக் கன்றைக் கழித்துவிடாதீர்கள்.