பையனுக்கு வேகம் போதவில்லையா, நிற்கிற இடம் சரியில்லையா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கார்னர்பேக், அதாவது எதிரணியில் பந்து பிடிக்க ஓடுகிறவனைத் தடுக்கிறவன். அவன் அம்மா நான், எனக்கு ஆட்டம் அவ்வளவாகப் புரியாது. போன வாரம் எதிரணியில் ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற வைட் ரிசீவர் ஒருவன் இவனைத் தாண்டி ஓடி இரண்டு டச்டவுன் போட்டுவிட்டான். இவன் 40 யார்டை 4.9 விநாடியில் ஓடுகிறான். அந்தப் பையன் 4.5 என்கிறார்கள். எட்டே வாரத்தில் 0.3 விநாடி குறைத்துத் தருவதாக ஒரு தனிப் பயிற்சியாளர் 1,800 டாலர் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

முதலில் அந்த 4.5 எப்படி வந்தது என்று கேளுங்கள். ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவர், பையன் கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டனை அழுத்துவார். முடிகிற கோட்டிலோ விரல் தயாராகக் காத்திருக்கும். இதிலேயே சுமார் 0.2 விநாடி காணாமல் போய்விடும். இந்த 0.2-ஐ வைத்துத்தான் பல பேர் பிழைப்பு நடத்துகிறார்கள். சேரும் அன்று மின்னணுக் கருவி, கடைசி நாளில் ஸ்டாப்வாட்ச். பையன் ஒன்றுமே முன்னேறாமல் 'முன்னேறி' விடுவான். ஒரு முகாமில் இதை என் கண்ணாலேயே பார்த்தேன். பக்கத்தில் ஒரு அப்பா கைதட்டிக்கொண்டிருந்தார். சொல்ல மனம் வரவில்லை.

சரி, 4.5 நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அவன் 40 யார்டு முடிக்கும்போது உங்கள் மகனுக்கு இன்னும் 0.4 விநாடி ஓட்டம் பாக்கி. அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட நான்கு யார்டு. அவ்வளவுதான் கடன். ஆட்டம் தொடங்கும்போதே ஏழு யார்டு தள்ளி நின்றால் கடனை முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. இந்த இடைவெளிக்கு குஷன் என்று பெயர். பள்ளி ஆட்டத்தில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் மூன்று விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருப்பதே அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏன் கோட்டை விட்டான்? பெரும்பாலும் திரும்புவதில்தான் தவறு நடக்கும். கார்னர்பேக் முதலில் பின்னோக்கி ஓடுவான். பின்னோக்கி ஓடுகிறவன் நேராக ஓடி வருகிறவனிடம் தோற்றே தீருவான். இடைவெளி மூன்று யார்டாகச் சுருங்குவதற்குள் இடுப்பைத் திருப்பி ஓட ஆரம்பித்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நின்றான் என்றால் கதை முடிந்தது.

அப்புறம், பார்வை. ரிசீவர் தலையை ஒரு பக்கம் ஆட்டுவான், தோளைக் குலுக்குவான், நின்றுவிடுவது போலக் காட்டி மறுபடி பாய்வான். இடுப்பை மட்டும் அவனால் அப்படி ஏமாற்றி ஆட்ட முடியாது, உடம்பு போகிற பக்கம்தான் அதுவும் போகும். மகன் பார்க்க வேண்டியது அதைத்தான். கபடியில் ரெய்டர் கண்ணைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு இது புரியும். பந்தைத் தேடிப் பின்னால் திரும்பிப் பார்ப்பதும் தோளோடு தோள் சேர்ந்த பிறகுதான். ஓரடி பின்தங்கியிருக்கும்போது திரும்பிப் பார்த்தால் இன்னும் இரண்டடி போய்விடும். அப்போது பந்தை மறந்துவிட்டு ரிசீவரின் கைகளைப் பார்க்க வேண்டும். அவை மேலே எழும்போது நடுவில் தன் கையை விட வேண்டும்.

வேகம் மட்டும் போதும் என்றால் 2017-இல் 40 யார்டை 4.22-இல் ஓடிய ரிசீவர் ஜான் ராஸ் பெரிய நட்சத்திரமாகியிருக்க வேண்டும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்பதாவது ஆளாக சின்சினாட்டி அணி அவரை எடுத்தது. ஒரு சீசனில்கூட ஆயிரம் யார்டைத் தொடவில்லை. சியாட்டிலின் ரிச்சர்ட் ஷெர்மன் 4.5-க்கு மேல் எடுத்து ஐந்தாவது சுற்றில் போன கார்னர்பேக். 2013-இல் எட்டு இன்டர்செப்ஷனோடு, அதாவது எதிரணி எறிந்த பந்தை எட்டு முறை தானே பிடித்து, லீகிலேயே முதலிடம்.

மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம். மகன் ரிசீவருக்கு உள்பக்கமாக நின்று, ஓட ஓட அவனைச் சைட்லைன் பக்கம் நெருக்கினால், கோடே இன்னொரு டிஃபெண்டர் மாதிரி வேலை செய்யும். உள்ளே வெட்டி வந்தால் பிடிக்கப் பின்னால் சேஃப்டி என்று ஒருவன் இருக்க வேண்டும். இருக்க வேண்டும்! பல பள்ளி கோச்சுகள் அந்த சேஃப்டியையும் முன்னால் அனுப்பிவிட்டு, பதினாறு வயதுப் பையனை அத்தனை பெரிய வெளியில் தனியாக விடுகிறார்கள். அடி வாங்கினால் "ஸ்பீட் பத்தாது" என்று ஒரு வார்த்தை. பெற்றோர் பயந்துபோய்த் தனிப் பயிற்சிக்கு ஓட வேண்டியது. கோடைக்கால செவன்-ஆன்-செவன் போட்டிகளை வைத்தும் பையனை எடை போடாதீர்கள். அங்கே குவார்ட்டர்பேக்கை யாருமே விரட்டுவதில்லை. நிம்மதியாக நின்று எறிகிறவனுக்கு எதிராக எந்தக் கார்னர்பேக்கும் மோசமாகத்தான் தெரிவான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பையன்கள் என்.எஃப்.எல். பார்த்துவிட்டு "முதல் ஐந்து யார்டு வரை தள்ளலாம்" என்பார்கள். அந்தக் கணக்கு தொழில்முறை ஆட்டத்துக்குத்தான். பள்ளியில் ரிசீவர் எதிரே வந்துகொண்டிருக்கும்வரை கை வைக்கலாம். பக்கத்தில் இணையாக வந்துவிட்டாலோ தாண்டிவிட்டாலோ கூடாது. விதிகளில் உங்கள் மாநிலம் தனி. மற்ற மாநிலங்கள் பள்ளிகளுக்கென்று உள்ள தேசிய விதிகளில் ஆட, டெக்சாஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளில் ஆடுகின்றன. பந்து காற்றில் வரும்போது ரிசீவரை இடித்துத் தடுத்தால் என்.எஃப்.எல்.-இல் இடித்த இடத்திலேயே பந்து போய்விடும். பள்ளி விதியில் 15 யார்டு மட்டும். டெக்சாஸில் அதிகபட்சம் 15 யார்டு, கூடவே எதிரணிக்கு ஃபர்ஸ்ட் டவுனும் (பத்து யார்டு போக 'டவுன்' எனப்படும் நான்கு வாய்ப்புகள் மறுபடி முதலிலிருந்து) தானாகக் கிடைக்கும். வேறு மாநிலத்துப் பயிற்சி வீடியோ பார்த்து "பதினைந்துதானே" என்று இடித்தால், மூன்றாவது டவுனில் அணியின் உழைப்பு முழுதும் போச்சு. இதை மகனுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

இப்போது போன வார ஆட்ட வீடியோவை எடுங்கள். அந்த இரண்டு டச்டவுனிலும் ஆட்டம் தொடங்கப் பந்து கிளம்பும் நொடியில் நிறுத்துங்கள். மைதானத்தில் ஐந்து யார்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அதை வைத்து மகனுக்கும் ரிசீவருக்கும் நடுவே எத்தனை யார்டு என்று கணக்குப் பாருங்கள். மூன்று, நாலு யார்டுதான் என்றால் படத்தோடு கோச்சுக்கு மெயில் போடுங்கள்: "இவன் ஏழு யார்டு தள்ளி நிற்கலாமா, பின்னால் சேஃப்டி இருப்பானா?" மெயிலை நீங்களே எழுதுங்கள். அப்பாக்கள் எழுதினால் சண்டையில் போய் முடிகிறது.