பிள்ளையாரின் தும்பிக்கை ஏன் விழுகிறது, தொந்தி ஏன் கரையவில்லை?

கேள்வி: போன சதுர்த்திக்கு வீட்டிலேயே களிமண் பிள்ளையார் பிடித்தோம். நிழலில்தான் காயவைத்தோம். ஆனாலும் பூஜைக்கு முன்பே தும்பிக்கை விரிசல் விட்டு விழுந்துவிட்டது. மறுநாள் வாளியில் கரைத்தால், தொந்தி மட்டும் கட்டியாகவே கிடந்தது. மண் சரியில்லையா?

பதில்: மண்மேல் பழி வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஈரம்தான்.

காயும்போது களிமண் சுருங்கும். மெல்லிய தும்பிக்கை முதலில் காய்ந்து சுருங்கிவிடும். தொந்தியின் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். இந்த இழுபறியில் ஒட்டின இடம் விட்டுப்போகிறது. நிழலில் வைத்தால் மட்டும் போதாது. தும்பிக்கை, காது, கை இவற்றின்மேல் முதல் நாள் ஈரத்துணி போட்டு வையுங்கள்.

மண்ணை உடைத்துச் சலித்து, இரவு முழுக்க ஊறவிட்டுப் பிசையுங்கள். ரொம்பப் பிசுபிசுப்பாக இருந்தால் கொஞ்சம் நைஸ் மணல் சேர்க்கலாம். உருவம் ஒரு சாணுக்கு மேல் போனால், அடிப்பக்கம் குடைந்து தொந்தியைக் கூடாக்கிவிடுங்கள். தும்பிக்கையை வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி அழுத்துங்கள். நுனியைத் தொந்தியோடு சேர்த்துவிட்டால் தொங்கி இழுக்காது.

விரிசல் விட்டால் பதற வேண்டாம். ஆவாகனம் செய்து சாமியை அதில் எழுந்தருளச் செய்யும்வரை அது மண்தான். தாராளமாகப் பூசிச் சரிசெய்யலாம். அபிஷேகம் மட்டும் வேண்டாம். பூவால் தண்ணீர் தெளித்தால் போதும். அபிஷேகம் செய்தே ஆகவேண்டுமென்றால் சின்ன உலோகப் பிள்ளையாருக்குச் செய்யுங்கள்.

அடுத்தது கரைப்பது. நன்றாகக் காய்ந்த மண்தான் தண்ணீரில் சட்டென்று உதிரும். ஈர மண்ணுக்குள் தண்ணீர் புக இடமே கிடையாது, அதனால் கட்டியாகவே நிற்கும். சதுர்த்தி காலையில் தெருவில் அச்சில் அடித்து விற்கும் பிள்ளையாரும் ஈரம்தான். அவசரப்படாமல் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அனுப்பிவையுங்கள். செவ்வாய், வெள்ளியில் அனுப்பாத வீடுகள் நிறைய உண்டு, உங்கள் வீட்டு வழக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் செய்யும் புனர்பூஜை முடிந்து வடக்கே கொஞ்சம் நகர்த்தியபின், முழுதாக மூழ்கும் அளவு தண்ணீரில் இறக்கிவிட்டுச் சும்மா இருங்கள். கையால் பிசைந்தால் மறுபடி உருண்டைதான் ஆகும்.

டெரகோட்டா பிள்ளையாரை 'இயற்கையானது' என்று வாங்கி, கரையவில்லையே என்று முழிப்பவர்கள் உண்டு. சுட்ட மண் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. ஓட்டு வீட்டுக் கூரை மழையில் கரைகிறதா என்ன? எனாமல் பெயின்ட், வார்னிஷ் அடித்த பச்சை மண்ணும் தண்ணீரை உள்ளே விடாது. மஞ்சள், குங்குமம், சந்தனமே போதும்.

கரைக்கும் முன் குடை, எருக்கம்பூ மாலை, தொந்தியில் பதித்த காசு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கண்ணுக்கு வைத்த குன்றிமணியை முக்கியமாக எடுங்கள். அது கடுமையான விஷம். குழந்தை வாயில் போட்டுக் கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எடுத்த கையோடு பத்திரப்படுத்துங்கள். கரைந்த சேற்றைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றலாம். ஒரே தொட்டியில் கொட்டினால் மண் இறுகிவிடும், பிரித்து ஊற்றுங்கள்.