காலேஜ் ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுக்கலாமா? அமெரிக்க நிலவரம்: கேள்வி பதில்

கேள்வி: சார், படிக்கப் போன பிள்ளைக்கு எதற்குச் சம்பளம்? ஸ்காலர்ஷிப் கிடைக்கிறதே, போதாதா?

பதில்: ஸ்காலர்ஷிப் பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை வைத்து எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். காலேஜ்களுக்கான மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியின் டிவி உரிமையை 2032 வரை எட்டு வருடம் நீட்டித்ததற்கு மட்டும் 880 கோடி டாலர். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023-ல் தன் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 7.6 கோடி டாலர். வேலையை விட்டு அனுப்புவதற்கே அவ்வளவு! 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்தில் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த ஷபாஸ் நேப்பியரோ, சில ராத்திரி பட்டினியோடு படுக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். அதே மாதம்தான் காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, ஆட்டக்காரர்களுக்குக் காலேஜ் தரும் சாப்பாட்டுக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கொடுக்கத்தான் வேண்டும், எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை.

கேள்வி: காலேஜே நேரடியாகத் தருகிறதா, விளம்பரக் காசு மட்டுமா?

பதில்: இரண்டும். 2021 ஜூலை முதல் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், என்ஐஎல் என்பது அதுதான். 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற பிறகு, அதில் சேர்ந்த காலேஜ் ஒவ்வொன்றும் 2025-26-ல் சுமார் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பகிர்ந்து தரலாம்.

கேள்வி: அப்படியானால் ஆள் சேர்ப்பது காசுக்கு ஏலம் விடுவது போல ஆகிவிடாதா?

பதில்: ஏற்கெனவே ஆகிவிட்டது. முன்பும் காசு ரகசியமாகக் கைமாறியது உண்டு, அதற்காகத்தான் டாலஸில் உள்ள எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தின் 1987 ஃபுட்பால் சீசனையே ரத்து செய்தார்கள். இப்போது தொகையை வெளிப்படையாகவே பேசுகிறார்கள். சேருவதற்கு முன்பே, காலேஜ் அணிக்காகப் பணம் திரட்டும் புரவலர் குழுக்களோடு ஆட்டக்காரர்கள் பேரம் பேசுவதை என்சிஏஏ தடுக்கக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் டென்னசியில் ஒரு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதோடு டிரான்ஸ்ஃபர் விதியும் தளர்ந்தது, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் காலேஜ் மாறி உடனே ஆடலாம். 2025 ஏப்ரலில் டென்னசி பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் க்வார்ட்டர்பேக் நிக்கோ இயமலியாவா, பணப் பேச்சு முறிந்ததாகச் செய்தி வந்த சில நாளிலேயே யூசிஎல்ஏவுக்குப் போய்விட்டார். பெயர் பெற்ற ஆட்டக்காரர்களுக்கு இது லாபம்தான். அடிபடுவது ஸ்கூல் முடித்து வரும் சுமாரான ஆட்டக்காரன், ஏனென்றால் பதினெட்டு வயதுப் பையனை எடுத்து வளர்ப்பதைவிட வேறு காலேஜில் தேறிய இருபத்தொரு வயதுக்காரனை வாங்குவது கோச்சுக்குச் சுலபம்.

கேள்வி: அப்போ இவர்கள் ஊழியர்களா?

பதில்: இல்லை, என் கோபமே அங்கேதான். டார்ட்மத் காலேஜின் ஆண்கள் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-2 என்று ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைத்தது, ஆனால் அந்த வருடக் கடைசியில் தொழிலாளர் வாரியத்திடம் கொடுத்த மனுவையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காசு வந்துவிட்டது, ஆனால் ஆட்டக்காரன் பக்கம் உட்கார்ந்து பேரம் பேச ஒரு அமைப்பு இல்லை.

கேள்வி: அண்ணா, டாலஸில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு, நன்றாக நீந்துவாள். ஏதாவது கிடைக்குமா?

பதில்: காலேஜ் பகிர்ந்து தரும் காசை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்மா. பெரும்பாலான பெரிய காலேஜ்களில் அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கு, அடுத்து ஆண்கள் கூடைப்பந்துக்கு. அதே ஹவுஸ் சமரசப்படி பழைய ஆட்டக்காரர்களுக்குத் தரும் பாக்கித் தொகையும் பெண்களுக்கு அநியாயமாகப் பிரிக்கப்பட்டது என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள், அது நியாயமான சண்டை. நீங்கள் கோச்சிடம் கேட்க வேண்டியது வேறு: அணியில் மொத்தம் எத்தனை இடம், ஸ்காலர்ஷிப் எத்தனை வருடத்துக்கு, தோள்பட்டையில் அடிபட்டாலும் அது தொடருமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து தம்பி டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா போகிறான், எஃப்-1 மாணவர் விசா. ஒரு கடைக்காரர் விளம்பரத்துக்குக் கூப்பிடுகிறார்.

பதில்: அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவுக்குள் விளம்பரத்துக்காக வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து வரலாம். பர்டியூ பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய கனடாக்காரர் சாக் ஈடி, நாட்டிலேயே சிறந்த காலேஜ் ஆட்டக்காரராக இருந்தும் சக ஆட்டக்காரர்களைப் போல விளம்பரத்தில் சம்பாதிக்க முடியவில்லை, காரணம் இதே விசாதான். முதலில் காலேஜின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், அப்புறம் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.