புனைமொழிக்கு ஒலியும் இலக்கணமும்

கேள்வி: மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதி வருகிறேன். அதில் வரும் மலையினத்தாருக்காக முந்நூறு சொற்களை உருவாக்கிவிட்டேன். ஆனாலும் வாக்கியம் அமைத்தால் தமிழுக்கு மாறுவேடம் போட்டதுபோலவே இருக்கிறது. ‘ரு கெலு தோமா’ என்றால் ‘நான் நீர் குடித்தேன்’. இன்னும் விநோதமான ஒலிகளைச் சேர்க்க வேண்டுமா?

பதில்: சேர்க்க வேண்டாம், கழியுங்கள். ஒரு மொழி காதில் எப்படி விழுகிறது என்பதை, அதில் உள்ள ஒலிகளைவிட, எந்த ஒலி எங்கே வரக்கூடாது என்ற விலக்குகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. தொல்காப்பியத்தின் மொழிமரபு இயலே சொல்லுக்கு முதலிலும் ஈற்றிலும் நிற்கும் எழுத்துகளை வரையறுக்கிறது. ழகரத்தைக் கொண்டாடுகிறோம், ழகரத்தில் எந்தத் தமிழ்ச்சொல்லும் தொடங்காது என்பதும் அதே அளவுக்குத் தமிழின் அடையாளம்தான். உங்கள் மலையினத்தாருக்கு அ, இ, உ ஆகிய மூன்று குறில்களை மட்டும் வைத்துப் பாருங்கள். ‘கெலு’ ‘கிலு’ ஆகும், ‘தோமா’ ‘தும’ ஆகும். முந்நூறு சொற்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகிவிடும்.

மாறுவேடத்துக்குக் காரணம் இலக்கணம். ஸ்டார் ட்ரெக் திரைப்படங்களில் வேற்றுக்கோளினத்தார் பேசும் கிளிங்கான் மொழியை அமைத்த மார்க் ஓக்ராண்ட், செயப்படுபொருள், வினை, எழுவாய் என்னும் மிக அரிதான வரிசையைத் தேர்ந்தெடுத்தார். ஆங்கில வாசகருக்கு அது அதிர்ச்சி. வேற்றுமை உருபின் துணையால் சொற்களை இடம் மாற்றிப் பழகிய நமக்கு ‘நீரைக் குடித்தேன் நான்’ என்பது செய்யுள் வாடையாகவே படும். எனவே வரிசையை விட்டு வினையின் ஈற்றில் கை வையுங்கள்.

‘வந்தான்’, ‘வந்தானாம்’ என்ற வேறுபாட்டைத் தமிழர் வேண்டும்போது மட்டுமே காட்டுகிறோம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பேசப்படும் கெச்சுவா மொழியில் நேரில் அறிந்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் தனித்தனி ஒட்டுகள் உள்ளன. உங்கள் மொழியில் இதைக் கட்டாயமாக்குங்கள்: கண்டதற்கு ‘-சி’, கேட்டதற்கு ‘-வு’. அப்போது பழங்கதைகள் எல்லாம் ‘-வு’ என்றே முடியும். பொய்யன் ஒருவன் நிகழ்ச்சியை மாற்றாமல், ஈற்றை மட்டும் மாற்றிப் பொய் சொல்ல முடியும். (சாட்சி விசாரணைக் காட்சி ஏதேனும் உண்டா? எனக்கே எழுத ஆசையாக இருக்கிறது.)

‘நான்’ என்று பேசும் தன்மை இடத்தில்தான் இவ்விதி மிகவும் சுவைக்கிறது. ‘ரு கிலு துமசி’ என்றால் வெறுமனே ‘நான் நீர் குடித்தேன்’. ‘ரு கிலு துமவு’ என்றாலோ, காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தவன் மறுநாள் விழித்து, பக்கத்தில் இருந்தவர் சொல்லக் கேட்டு, ‘நான் நீர் குடித்தேனாம்’ என்கிறான்.