திறந்த லேப்டாப்புக்கு வாரண்டி கிடையாதா?

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லேப்டாப்புக்கு இரண்டு வருட வாரண்டி. ஆறாவது மாதத்திலிருந்தே கை வைக்க முடியாத சூடு. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை கொடுத்தேன். ‘இந்த மாடல் இப்படித்தான்’ என்று திருப்பித் தந்தார்கள். கடைசியில் பக்கத்துக் கடையில் ஃபேனைச் சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தி வெளியேற்ற உதவும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினேன். சூடு நன்றாகக் குறைந்தது. மூன்று மாதம் கழித்து மதர்போர்டு போய்விட்டது. திறந்தால் கிழியும் சீல் ஸ்டிக்கர் கிழிந்திருப்பதால் வாரண்டி கிடையாது, 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: போடலாம். அதற்கு முன் வாரண்டி அட்டையை எடுத்து ஒரு வரியைத் தேடுங்கள். ‘வெளியாட்கள் திறந்ததால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை’ என்று இருக்கிறதா, ‘திறந்தாலே வாரண்டி இல்லை’ என்று இருக்கிறதா? முதல் வகை என்றால், கடைக்காரர் கை வைத்துத்தான் மதர்போர்டு போனது என்பதை நிறுவனம் காட்ட வேண்டும். கிழிந்த ஸ்டிக்கர் திறந்ததற்குத்தான் சாட்சி, கெடுத்ததற்கு அல்ல.

இரண்டாவது வகை என்றால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்று 2014-ல், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் கார் நிறுவனங்களுக்குச் சொன்னது. அது வேறு சட்டம், மேல்முறையீட்டுக்கும் போன வழக்கு. வாதத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உங்களுக்கு அதைவிட உறுதியான பிடி ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கர் கிழிவதற்கு முன்பே இரண்டு முறை சூட்டைச் சரிசெய்யாமல் அனுப்பினார்களே, அது தனியாக ஒரு சேவைக் குறைபாடு.

ஆகவே அந்த இரண்டு முறையும் சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதித் தந்த ஜாப் ஷீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சில சர்வீஸ் சென்டர்களில் என்ன புகார் சொன்னாலும் ‘ஜெனரல் செக்கப்’ என்றுதான் எழுதுவார்கள். அப்படி எழுதியிருந்தால், சூடு பற்றி நீங்கள் அனுப்பிய மெயில், மெசேஜைத் தேடி எடுங்கள்.

அப்புறம், கடைக்காரரிடம் பில்லோடு, என்ன பேஸ்ட் போட்டார் என்பதையும் எழுதி வாங்குங்கள். வழக்கமான பேஸ்ட் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாது. பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் போடும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) கடத்தும். வழிந்தால் போர்டு ஷார்ட் ஆகிவிடும். அவர் போட்டது அதுவென்றால் நிறுவனத்தின் வாதம் வலுத்துவிடும், கடைக்காரரையும் எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டி வரும்.

28,000 கட்டி இப்போதே போர்டை மாற்றிவிடாதீர்கள். பழைய போர்டுதான் உங்கள் சாட்சி. பழுதின் காரணம் தெரியாவிட்டால் நுகர்வோர் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். வாரண்டி தர மறுப்பதையும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனத்துக்கும் பில்லில் உள்ள விற்பனையாளருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். இடையில் 1915 உதவி எண்ணிலும் புகார் பதியலாம். சில சமயம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடமே போதும், விற்பனையாளர் எந்த ஊர் என்பது பிரச்சினை இல்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம். சூட்டுக்காக முதன்முதலில் கொடுத்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம்.

பில் யார் பெயரில் என்று நீங்கள் எழுதவில்லை. தொழில் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருந்தால், ‘வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை’ என்றுதான் எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். உங்கள் பிழைப்புக்காக நீங்களே உட்கார்ந்து வேலை செய்யும் லேப்டாப் என்றால், அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.