குட்டி நாய்க்குப் புழு, குழந்தைக்கு அரிப்பு: இரண்டும் ஒன்றுதானா?

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு இரண்டு மாதம் ஆகிறது. நேற்று அதன் மலத்தில் நூடுல்ஸ் போல வெள்ளைப் புழுக்கள் வந்தன. என் நான்கு வயது மகளும் சில நாட்களாக இரவில் ஆசனவாயில் அரிக்கிறது என்று அழுகிறாள். நாயிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது, அதைக் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார். எல்லோரும் பூச்சி மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா?

பதில்: குட்டியை எங்கும் விட வேண்டாம். இரவில் மட்டும் ஆசனவாயில் அரிப்பு என்றால் அநேகமாக அது கீரிப்பூச்சி, அதாவது நூல்புழு. மனிதர்களிடம் மட்டுமே வாழும் புழு அது. நாய்க்கு வராது, நாயிடமிருந்தும் வராது. குழந்தை தூங்கிய பிறகு பெண் புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால்தான் அரிப்பு. சொறிந்த விரல் வாய்க்குப் போகும், முட்டைகள் திரும்ப உள்ளே போகும். படுக்கை விரிப்பில் விழுந்தவை வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். சில மணி நேரத்திலேயே அவை தொற்றும் நிலைக்கு வந்துவிடும்.

மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரியாது, முட்டைகள் மலத்தோடு வருவதில்லையே. காலையில் கழுவுவதற்கு முன் ஆசனவாயில் செலோடேப்பை ஒட்டி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும். மாத்திரையைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டது சரி, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் முறை. ஆனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தவணை வேண்டும், மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையை அல்ல. அங்கன்வாடியில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் ஒரு அல்பெண்டசோல் மாத்திரையோடு இது முடியாததற்கும் காரணம் அதுதான். அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணி யாராவது இருந்தால் அவர் கேட்காமல் போடவே கூடாது.

சரி, குட்டிக்கு வந்தது என்ன? நீங்கள் சொல்லும் அடையாளம் டாக்ஸோகாரா கேனிஸ் என்ற உருண்டைப் புழுவுக்குப் பொருந்துகிறது. எவ்வளவு சுத்தமாக வளர்த்தாலும் இது வரும். தாய் நாயின் தசையில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது சினையாகும்போது விழித்து, வயிற்றிலிருக்கும் குட்டிக்குள் போய்விடுகின்றன. குட்டி பிறக்கும்போதே புழுவோடுதான் பிறக்கிறது. அதனால்தான் இரண்டாவது வாரத்திலேயே புழு மருந்தைத் தொடங்கச் சொல்கிறோம். உங்கள் குட்டியை எடை போட்டு இப்போதே மருந்து கொடுக்க வேண்டும், இரண்டு வாரத்தில் மறுபடியும். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை.

இந்தப் புழு மனிதருக்கு வருமா என்றால், வரும். ஆனால் வரும் வழி வேறு. புதிதாகப் போட்ட மலத்தில் உள்ள முட்டை தொற்றாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து முதிர வேண்டும். பிறகு வருடக்கணக்கில்கூட உயிரோடிருக்கும், பினாயிலுக்கும் அசையாது. அதை விழுங்கிய குழந்தையின் உடலில் புழு முழுதாக வளர்வதில்லை. இளம்புழுவாகவே ஈரல், நுரையீரல் என்று அலையும். அரிதாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுக்கும். 1950-ல் அமெரிக்கக் கண் நோயியல் ஆய்வாளர் ஹெலனார் வைல்டர், கண் புற்றுநோய் என்று நினைத்து அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களைச் சோதித்தபோது, சிலவற்றில் இருந்தது புழுவின் இளம்பருவம்தான் என்று கண்டார். எனவே குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ மாறுகண் தெரிந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆக, குட்டியைத் தொடுவதைவிட மண்ணில்தான் கவனம் வேண்டும். மலத்தை அன்றன்றே அள்ளிப் போட்டுவிட்டால் முட்டைக்கு முதிர நேரமே கிடைக்காது. வீடு கட்ட இறக்கிய மணல் குவியல் பக்கத்தில் இருந்தால் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். தெரு நாய்க்கும் பூனைக்கும் அதுதான் கழிப்பறை, பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டுத் திடல். வெறுங்காலோடு அங்கே நின்றால் நாயின் கொக்கிப்புழு தோல் வழியாகவே நுழைந்து, காலில் கோடு கோடாக அரிக்கும். விளையாடி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சானிடைசர் இந்த முட்டைகளைக் கொல்லாது.

அப்புறம், வீட்டில் மீந்த அல்பெண்டசோலைக் குட்டிக்கு உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாய்களுக்கு அது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடும். குட்டிகளுக்கென்றே பைரன்டெல் சிரப் இருக்கிறது, உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.